தெரிந்த சொல்

"கிளையோமா" என்றார் மருத்துவர். "அதைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, மிஸஸ் பிராமிச்?"

"தெரியும்" என்றாள் நோலா.

அவள் பொய் சொல்லவில்லை. இருபது வருடமாக அவளுக்குப் பழகிய சொல் அது. ஜி, எல், ஐ, ஓ, எம், ஏ. ஆறு எழுத்து. உயிரெழுத்துகளாக வந்து குவிந்து கை திணறும்போது, மூன்றை ஒரே வீச்சில் இறக்கிவிட உதவும். பின்னால் ஒரு எஸ் ஒட்டலாம். டி, ஏ ஒட்டி இன்னும் நீட்டலாம். ஸ்கிராபிள் பலகையில் அவள் அதை எத்தனை முறை அடுக்கியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அது மூளைக்குள் முளைக்கும் கட்டி என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

மருத்துவர் கடல் தாண்டிப் பெருநிலத்திலிருந்து எங்கள் தீவுக்குச் சில மாதங்களுக்கு வந்திருந்த இளைஞர். இதை யாருக்காவது விளக்கிச் சொல்வதுதான் அவருக்கு இருப்பதிலேயே கடினமான வேலை போலும். அது இல்லாமல் போனதில் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப நான் சுத்தி வளைக்க வேண்டியதில்ல. ஹோபார்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். போறதுன்னா உடனே போகணும். சில பேரு அதெல்லாம் வேண்டாம், வீட்டிலயே நிம்மதியா இருந்துக்கறோம்னு சொல்றாங்க. அதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"வீட்டிலயே இருந்துக்கறோம்" என்றாள் நோலா. ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம் என்றால் எதற்குக் கத்தி?

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேன்."

மருத்துவர் எழுந்து அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "துணிச்சலான முடிவு" என்றார். இதில் துணிச்சல் எங்கே வந்தது என்று நோலாவுக்குப் புரியவில்லை. தாளில் மாத்திரைப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கணவன் டெஸ் பக்கத்து அறையில் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் வலது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கைதான் மே மாதம் முதல் சொன்னபடி கேட்காமல் இருந்தது. கிழங்கு மூட்டையைத் தூக்கும்போது நழுவியது. பிறகு ஒரு நாள் வயலிலேயே வலிப்பு வந்து விழுந்தான். லான்செஸ்டனில் ஸ்கேன் எடுத்து, அதன் முடிவைக் கேட்கத்தான் இன்றைக்கு வந்திருந்தார்கள்.

பிக்அப் வண்டியை நோலா ஓட்டினாள். கண்ணாடியில் மழை அடித்தது.

"என்னதான் சொன்னான் அந்தப் பொடியன்?"

"கிளையோமாவாம்."

"அப்படின்னா?"

"தலைக்குள்ள ஒரு வீக்கம் மாதிரி. மாத்திரை குடுத்திருக்கான்."

"வீக்கம் மாதிரியா, வீக்கமா?"

"சும்மா இரு டெஸ். எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்."

"உனக்குத் தெரியாத வார்த்தை எது?" என்று சிரித்துவிட்டு டெஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அதை அவன் கிண்டலாகச் சொன்னாலும், அல்வர்ஸ்டனுக்கு மேலே எங்கள் செம்மண் மேட்டில் அதுதான் எல்லோருடைய நினைப்பும். நோலாவும் நானும் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள். நடுவே பெல்ட் ஓடும். அழுகல், வெட்டுப்பட்டது, பச்சை பாரித்தது, மூன்றையும் கை தானாகப் பொறுக்கிப் போடும். கையுறைக்குள் விரல் விறைத்துப்போகும். அந்தக் குளிரில் எங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது நோலாவின் வாய்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கோலின் போகிற போக்கில் எழுத்துகளைக் கத்திவிட்டுப் போவான்.

"ஏய் நோலா! க்யூ இருக்கணும், யூ இருக்கக் கூடாது!"

"காட். கனாட். கிப்லா. இன்னும் வேணுமா?"

"கிப்லான்னா என்ன?"

"அஞ்சு எழுத்து."

"அது தெரியுது. திங்கிறதா, போட்டுக்கிறதா?"

"பலகையில ரெண்டு வரிசைய ஒண்ணாக் கோக்கிறது. போய் வண்டிய ஓட்டுடா."

கொட்டகையே சிரிக்கும். நோலா பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் ஸ்கிராபிள் கிளப்பில் அவள் தோற்கடித்தவர்களில் பள்ளித் தலைமையாசிரியர் உண்டு, வங்கி மேலாளர் உண்டு. அவள் பழகிய விதம் அப்படி. எம்மில் தொடங்கி ஏயில் முடிவது, ஜியும் எல்லும் ஒட்டி வருவது, உயிரெழுத்தே இல்லாதது என்று சொற்களைக் கிழங்கு மாதிரி ரகம் பிரித்து வைத்திருந்தாள். எங்கள் கிளப் மேசையில் இருந்த புத்தகமும் அப்படித்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வெறும் சொற்கள். செல்லுமா, செல்லாதா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். பொருள் கேட்பவன் புது ஆள் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். கேட்டவர்கள் அடுத்த வாரம் கேட்க மாட்டார்கள்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. கேடும் அங்கேதான் வந்தது. ஒரே வாரத்தில் டெஸ்ஸின் கை திரும்பியது. தலைவலி போனது. வைத்ததையெல்லாம் தின்றான். ஆட்டு இறைச்சியும் பூசணியும் போட்டு நோலா வைத்த குழம்பில் மூன்றாவது தட்டு கேட்டான். முகம் உப்பி, கன்னம் சிவந்து, வேறு ஆள் போலானான். டிராக்டரில் ஏறி, மழைக்கு முன் எடுக்க முடியாமல் நிலத்துக்குள்ளேயே கிடந்த கடைசிக் கிழங்குகளைத் தோண்டத் தொடங்கினான்.

ஸ்மோக்கோ இடைவேளையில் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நோலா சொன்னாள்: "ஹோபார்ட் போயிருந்தா தலையைத் திறந்திருப்பாங்க. நல்லவேளை."

"என்ன நோய்னு சொன்ன?"

"கிளையோமா."

நாங்கள் தலையாட்டினோம். எங்களில் இரண்டு பேர் கிளப்காரர்கள். எங்களுக்கும் தெரிந்த சொல்தான் அது.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து நாள் முழுக்கச் சாரல். வண்டிச் சக்கரம், காலணி, நாய், எல்லாவற்றிலும் செம்மண் சேறு. டெஸ்ஸின் கை மறுபடி நழுவ ஆரம்பித்தது. இந்தத் தடவை கையோடு நிற்கவில்லை. சுத்தியலைக் காட்டி "அந்த... அந்த..." என்று நிற்பான். பெயர் வராது. நோலா எடுத்துக் கொடுப்பாள். "வயசாயிடுச்சு கிழவா" என்பாள். மாத்திரை தீரட்டும், வேறு எழுதி வாங்கலாம் என்று இருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல்களில் தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில் எங்கள் ஆட்டம் நடக்கும். அன்றைக்கு நோலாவுக்கு எதிரில் வில்மா. டெவன்போர்ட்டில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, அப்போதுதான் எங்கள் பக்கம் குடிவந்தவள். இன்னும் விரலால் தடவிப் புள்ளி கூட்டும் நிலைதான். கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு வாடையும் ஈரக் கம்பளி வாடையும். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

நோலா கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ஏ-யில் முடித்து, சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள்.

"மூணு மடங்கு. இருபத்தேழு" என்று பக்கத்திலிருந்த ஆட்டக் கடிகாரத்தைத் தட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்க டெஸ்ஸுக்கு வந்திருக்கறதும் இதுதான். என்னோட வார்த்தைய எடுத்து அவன் வெச்சுக்கிட்டான்" என்றாள்.

வில்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிக் கடிகாரத்தை நிறுத்தினாள்.

எங்கள் ஆட்டத்தில் கடிகாரத்தை நிறுத்தினால் ஒரே அர்த்தம்தான். சொல் செல்லாது என்று எதிர்ப்பது.

"எதிர்க்காத வில்மா. புத்தகத்துல இருக்கு. உன் முறைதான் வீணாப் போகும்."

"நான் எதிர்க்கல."

"அப்ப ஏன் நிறுத்தின?"

"டெஸ்ஸுக்கு இதுன்னு யாரு சொன்னா?"

"டாக்டர்தான். ஜூன் மாசம்."

"ஹோபார்ட்டுக்கு அனுப்பலயா?"

"போறியான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். மாத்திரையிலயே..." நோலா நிறுத்தினாள். வில்மாவின் முகம் அவளை நிறுத்திவிட்டது.

"நோலா, இது என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?"

கூடத்தில் கட்டைகளின் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. அந்தக் கேள்வியை அங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நோலாவின் கழுத்து சிவந்தது. "தெரியும்" என்று வாயெடுத்தவள், அந்தச் சொல்லை முடிக்கவில்லை.

வில்மா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மூளைக்குள்ளே வேர்விட்டு வளரும் கட்டி. மாத்திரை சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் வற்றவைக்கும், கட்டியைத் தொடாது. வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்பதையும் சொன்னாள்.

நோலா மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பலகையில் அந்த ஆறு கட்டைகளையும் யாரும் எடுக்கத் துணியவில்லை. கடைசியில் வில்மாதான் பலகையோடு சேர்த்துப் பையில் கவிழ்த்தாள்.

டெஸ் கிழங்குக் கிடங்கில் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து இடது கையால் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் மழை. நோலா வாசலிலேயே நின்றாள். அன்று பேசியதை அவள் எனக்குப் பெல்ட் ஓரத்தில் பல நாள் துண்டு துண்டாகச் சொன்னாள்.

"டெஸ், அது வீக்கம் இல்ல. கட்டி. கெட்ட கட்டி."

அவன் கை நின்றது. "எது?"

"கிளையோமா."

"உனக்குத் தெரியும்னயே."

"வார்த்தை தெரியும்."

"வார்த்தை தெரியும்னா?"

"எழுத்து தெரியும். செல்லும்னு தெரியும். எப்ப வைக்கலாம்னு தெரியும்."

"டாக்டர் கேட்டானா, தெரியுமான்னு?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

"தெரியும்னு சொன்னேன். அவன் என்னைப் பாத்த பார்வை... கொட்டகைக்காரிதானேன்னு. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல டெஸ். அப்புறம் தெரியாதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு."

"ஆபரேஷன்?"

"உடனே போனா பண்ணலாம்னான். நான்தான் வேண்டாம்னேன். இன்னிக்கு வில்மா சொல்லித்தான் எனக்கே புரிஞ்சுது."

டெஸ் ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வில்மா எப்படிச் சொன்னா உங்கிட்ட?"

"நான் பலகையில வெச்சேன். அந்த வார்த்தைய."

"இன்னிக்கா?"

"ஆமா."

"எத்தனை புள்ளி?"

அவள் மேலங்கிப் பித்தானைக் கழற்றப் போனாள். "எத்தனைன்னு கேட்டேன்" என்றான்.

"இருபத்தேழு."

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி அழுகல் பொறுக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு ஹோபார்ட் போகும் வரை அவன் அவளோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், கொடுத்த மாத்திரையை விழுங்கினான். லான்செஸ்டனில் இருக்கும் மகள் ரேலீனுக்கு நோலாவே தொலைபேசியில் சொன்னாள். அப்பாவுக்குத் தலையில் கட்டி, ஹோபார்ட்டில் காட்ட வேண்டும் என்பது வரைக்கும் சொன்னாள். மீதியைச் சொல்லும் முன் அங்கே அழுகை தொடங்கிவிட்டது.

ரேலீன் அப்பா பிள்ளை. பிறந்ததிலிருந்தே தாய்க்கும் அவளுக்கும் ஆகாது. சனிக்கிழமைகளில் அம்மா வீட்டில் இருந்ததில்லை என்கிற வருத்தம் அவளுக்கு இன்னமும் ஆறவில்லை. அவளுடைய காரில்தான் மூவரும் போனார்கள்.

ஹோபார்ட்டில் அறுவை மருத்துவர் ஒரு பெண். நரைத்த முடி, அவசரமில்லாத பேச்சு. படத்தை விளக்கில் மாட்டி, வெள்ளையாகத் தெரிந்த இடத்தைப் பேனாவால் சுற்றிக் காட்டினார்.

"ஜூன்ல எடுத்த படத்துல இது ஓரமா இருந்திருக்கு. அப்ப வந்திருந்தா நெறைய எடுத்திருப்பேன். ஒரு வருஷமோ, அதுக்கு மேலயோ கிடைச்சிருக்கலாம். இப்ப பேச்சு இருக்கற இடத்துக்குள்ள போயிடுச்சு. நான் கை வெச்சா பேச்சு மொத்தமாப் போகும். வெச்சாலும் பெரிசா நாள் கூடாது."

ரேலீன் நாற்காலியில் முன்னால் வந்தாள். "ஜூன்லயே தெரியுமா? ஜூன்லயே தெரிஞ்சும் யாரு வேண்டாம்னது?"

நோலா வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் டெஸ்ஸின் காலணி அவள் காலை மிதித்தது. எடுக்காமல் அழுத்தியது.

"நான்தான்" என்றான் டெஸ். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. "கிழங்கு... நிலத்துல கிடந்துச்சு. எடுத்துட்டுப் போலாம்னேன்."

"கிழங்கா?"

"மழை வந்தா அழுகிடும்."

மருத்துவர் கீழே பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். ஆபரேஷன் வேண்டாம் என்று டெஸ் சொன்னான். இந்தத் தடவை கேட்டது அவனிடம்தான், சொன்னதும் அவன்தான்.

திரும்பும் வழியெல்லாம் ரேலீன் திட்டிக்கொண்டே ஓட்டினாள். டெஸ் அவள் பக்கத்தில். நோலா பின்னால். வெளியே வெளுத்த புல்வெளியும் நனைந்த ஆடுகளும்.

"அறிவிருக்காப்பா உனக்கு? கிழங்குக்காகவா? உயிரைவிடக் கிழங்கு பெருசா?"

"ஆமா."

"ஆமாங்கற! எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே ஆள் விட்டுத் தோண்டியிருப்பேனே. உன் பேரப்பிள்ளை பொறக்கப் போறான் அக்டோபர்ல. அவனைப் பாக்கணும்னு தோணலயா? பிடிவாதம். பொணமாப் போற வரைக்கும் பிடிவாதம்." சொல்லிவிட்டு அவளே அழுதாள். கண்ணாடி துடைப்பான் கிறீச்சிட்டது. டெஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

கேம்பெல் டவுனில் பேக்கரிக்கு முன்னால் காரை நிறுத்தி, கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனாள் ரேலீன்.

நோலா முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ வந்ததும் நான் சொல்லிடறேன்."

"வேண்டாம்."

"என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல டெஸ்."

"எம்மேல கோவம்னா..." அவன் சொல்லைத் தேடி நின்றான். நோலா எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள். "எம்மேலன்னா கொஞ்ச நாள்தான். நான் போயிடுவேன். உம்மேலன்னா, அப்புறம் உன்ன யாரு பாப்பா?"

"அதுக்காக?"

"அவ ஒருத்திதான் இருக்கா நோல்."

அந்தப் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டு இரண்டு வாரமாகியிருந்தது. நோலா அவன் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை.

"உனக்கு மிச்சம் இருக்கற நாளையெல்லாம் அவ உன்னத் திட்டியே தீத்துடுவா" என்றாள் நோலா.

"திட்டட்டும்."

"அவளுக்கு நீ வேணும். திட்டறதுக்கு இல்ல."

ரேலீன் காகிதப் பைகளோடு மழையில் ஓடி வந்து உள்ளே ஏறினாள். சாசேஜ் ரோல் வாசனை கார் முழுக்கப் பரவியது. ஒன்றை அப்பாவின் மடியில் போட்டாள். "சாப்பிடு. நல்ல வேளை, இதுல கிழங்கு இல்ல."

"கிழங்கு இல்ல ரேலீன்" என்றாள் நோலா. "நான்தான்."

டெஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன நீ?"

"டாக்டர் எங்கிட்டதான் கேட்டாரு. உங்கப்பாகிட்ட இல்ல. இந்த நோய் தெரியுமான்னாரு. தெரியும்னேன். எனக்குத் தெரியாது. போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன். உங்கப்பாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரியும்."

"தெரியாதுன்னா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருக்கணும்."

"ஏன் கேக்கல?"

நோலா தேடினாள். எந்த எழுத்தைக் கொடுத்தாலும் சொல் எடுத்துக் கொடுப்பவள். "வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

ரேலீன் பின்காட்டும் கண்ணாடி வழியே தாயைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, அப்பாவின் மடியிலிருந்த பையைப் பிரித்து, ரோலைச் சிறு துண்டுகளாகப் பிய்த்தாள். அவன் வலது கையை ஒதுக்கி, இடது கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். "ஸாரிப்பா" என்றாள். "ஸாரிப்பா. ஸாரி." அவன் மெல்ல மெல்லத் தின்றான்.

அவன் தின்று முடித்ததும் அவன் வாயைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். தன்னுடையதை அவள் தொடவில்லை. நோலாவுக்கென்று வாங்கிய மூன்றாவது பையும் அவள் மடியிலேயே இருந்தது. லான்செஸ்டன் வரை அது அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பின்னால் நீட்டவில்லை. நோலாவும் கேட்கவில்லை.